பச்சை நிறப் பந்து

விளையாட்டுப் பெட்டிகளைப் புகழ்ந்து எழுதப்பட்ட எதையும் என்னால் நிம்மதியாகப் படிக்க முடிவதில்லை. போன வாரம் எதிர் வீட்டுக்காரர் கைபேசியை நீட்டி, "சார், இந்தப் புது மாடல் கேம் பெட்டி சூப்பர்னு போட்டிருக்கான். பையனுக்கு வாங்கலாமா?" என்று கேட்டார். வாங்கிப் படித்தேன். மூளை சுறுசுறுப்பாகுமாம். கையும் கண்ணும் சேர்ந்து வேலை செய்யப் பழகுமாம். நிபுணர்கள் சொல்கிறார்களாம். எந்த நிபுணர் என்று இரண்டு தடவை மேலிருந்து கீழே தேடினேன். எழுதினவன் அந்தப் பெட்டியை ஒரு முறையாவது கரண்டில் செருகிப் பார்த்ததாகவும் ஒரு வரி இல்லை.

"எழுதின அன்னிக்கு அங்க கரண்ட் இருந்துதான்னு கேளுங்க" என்று கைபேசியைத் திருப்பிக் கொடுத்தேன். வயசானவரின் கிண்டல் என்று நினைத்து அவர் சிரித்துக்கொண்டே போனார்.

நான் கிண்டல் செய்யவில்லை. எண்பதுகளின் நடுவில் ஒரு மதியம் திண்டிவனத்தில் கரண்ட் போனது. அது போகாமல் இருந்திருந்தால் என் அக்கா வீட்டுக்காரரின் வலது கை பிழைத்திருக்கலாம். பிழைத்திருக்கும் என்றோ, எப்படியும் போயிருக்கும் என்றோ யாராவது அடித்துச் சொல்லியிருந்தால் நான் எப்படியோ ஆறியிருப்பேன். யாராலும் சொல்ல முடியவில்லை. அதனால் அந்த மதியம் இன்னும் என்னை விடவில்லை.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. விழுப்புரத்தில் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்ப்பது பிழைப்பு. மெட்ராஸிலிருந்து வரும் ஒரு தினசரிக்குப் பகுதிநேர நிருபராக இருந்தது பெருமை. சட்டைப்பையில் பேனாவும் சின்ன நோட்டும் வைத்துக்கொண்டு நடந்தால் பஸ் கண்டக்டர்கூட எழுந்து இடம் கொடுத்த காலம்.

எங்கள் வேலை முறையைச் சொன்னால்தான் என் தப்பு புரியும். மெட்ராஸ் போகும் மதிய ரயிலின் தபால் பெட்டியில் செய்திக் கவரைப் போட்டுவிட வேண்டும். போட்டால் மறுநாள் காலையில் அச்சில் வரும். விட்டால் அது பழைய செய்தி, குப்பைக்கூடைக்குப் போகும். ஆனால் திறப்பு விழாவும் ஆண்டு விழாவும் ரயிலுக்காகச் சீக்கிரம் முடிவதில்லை. அதனால் நோட்டீசைப் பார்த்து முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவோம். முதல் ஆள் வந்து நாற்காலியில் உட்காரும் முன்பே 'திரளானோர் கலந்துகொண்டனர்' என்பது கவருக்குள் போயிருக்கும். திருவாமாத்தூர்ப் பக்கம் ஒரு சின்னக் கோயில் கும்பாபிஷேகத்தில் கலசத்துக்கு மேலே கருடன் மூன்று முறை வட்டமிட்டது என்று எழுதினேன். அந்த நேரத்தில் நான் அச்சகத்தில் யாருடைய கல்யாணப் பத்திரிகைக்கோ புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். கருடன் வரவில்லை என்று ஒருவரும் மறுப்புக் கடிதம் போடவில்லை. நல்லதாக எழுதினால் எவனும் கேள்வி கேட்கமாட்டான் என்று அப்படித்தான் எனக்குப் பழகிப்போனது.

என்னைவிட ஒன்பது வயது மூத்த என் அக்கா திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அம்மா போனபோது எனக்கு ஒரு வயது. என்னைப் பார்த்துக்கொள்ள அவள் அத்தோடு படிப்பை நிறுத்தினாள். அவளால் எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடியும். ஆனால் நான் எழுதிய ஒரு செய்தியையும் விடமாட்டாள். பேப்பரில் என் பெயர் வராது, 'நமது நிருபர்' என்றுதான் வரும். விழுப்புரம், திண்டிவனம் என்று தலைப்பில் ஊர்ப் பெயர் இருந்தால் போதும், அது என் தம்பி எழுதியது என்று கத்தரிக்கோலை எடுத்துவிடுவாள். வெட்டிய துண்டுகளை டிரங்குப் பெட்டியில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருந்தாள்.

மாமா லாரி டிரைவர். அந்த வருஷம் சித்திரையில் விக்கிரவாண்டியில் ஒரு ரோட்டோர ஓட்டலில் சாப்பிட வண்டியை நிறுத்தினார். கீழே இறங்கியவர் அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டார். வலது பக்கம் இழுத்துக்கொண்டது. ஒரு மாதத்தில் பேச்சு வந்தது, கால் வந்தது. கை மட்டும் வரவில்லை. தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், வாரத்துக்கு இரண்டு நாள் பயிற்சிக்குக் கூட்டிவரச் சொன்னார். "முதல் ஆறு மாசம்தாம்மா முக்கியம். விடாம வந்தீங்கன்னா கை பழகும். ஸ்டியரிங் பிடிக்கிற அளவுக்கு வரலாம்" என்றார். அக்கா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு திங்களும் வியாழனும் மாமாவை பஸ்ஸில் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி அழைத்துப் போனாள். நகராத விரல்களை ஒவ்வொன்றாக விரித்து நீட்டுவார்கள். மாமா வலியில் கத்துவது வராந்தா வரைக்கும் கேட்கும் என்பாள்.

ஆவணியில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வீடியோ கேம் கடை திறந்தார்கள். ஊருக்கே அது முதல் கடை. திறந்தவர் கோட்டக்குப்பத்துக்காரர், துபாயில் பல வருஷம் இருந்து திரும்பியவர், நல்ல மனுஷர். என்னை வரவேற்று, பன்னீர் தெளித்து, ஒரு ஃபாரின் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். உள்ளே ஒரு நீளமான அறை. இரண்டு கறுப்பு வெள்ளை டிவிகளுக்குக் கதம்பமாலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் அந்தப் பெட்டி, அதிலிருந்து ஒயர், ஒயரின் முனையில் திருகுவதற்கு ஒரு குமிழ். நான் போய் உட்கார்ந்து ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, மின்விசிறி நின்றது.

"லைன் போயிட்சு" என்று யாரோ வாசலிலிருந்து சொன்னார்கள்.

அரை மணி நேரம் காத்திருந்தோம். ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் எழுந்தேன்.

"தம்பி, கரண்ட் வந்ததும் ஒரு தரம் ஆடிப் பாத்துட்டு எழுதுங்களேன். அவசரம் ஒண்ணுமில்ல. நாளைக்குப் போட்டாக்கூடப் போதும்" என்றார் கடைக்காரர்.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கதையில் நியாயமாகப் பேசியவர் அவர் ஒருவர்தான். "பரவால்ல பாய், எல்லாம் புரிஞ்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தேன்.

என்னிடம் இருந்தது ஒரு நோட்டீசும், பெட்டியின் அட்டையில் பார்த்த படமும்தான். அட்டையில் கறுப்புப் பின்னணியில் பச்சை நிறமாக ஒரு பந்து இருந்தது. 'திரையில் பச்சை நிறப் பந்து ஒன்று அங்குமிங்கும் துள்ளி ஓட, பார்த்தோர் கண்டு களித்தனர்' என்று எழுதினேன். புதுப் பேனா வழுக்கிக்கொண்டு ஓடியது. மூன்று பத்தி வந்தது. நான்காவது பத்தி இருந்தால் சுற்றிக் கோடு போட்டு, கட்டம் கட்டி எடுப்பாகப் போடுவார்கள். நான்காவது பத்திக்கு விஷயம் இல்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. அப்போது எழுதினேன்: 'இவ்விளையாட்டு கண்ணுக்கும் கைக்கும் சிறந்த பயிற்சி அளிப்பதுடன், தளர்ந்த நரம்புகளுக்குப் புத்துயிர் ஊட்டுவதாகவும் மருத்துவர்கள் கூறுகின்றனர்.'

எந்த மருத்துவரும் கூறவில்லை. அதை எழுதும்போது மாமாவின் கை என் நினைவில் இருந்ததா என்று என்னையே எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தளர்ந்த நரம்புகள் அந்தச் செய்திக்குள் எப்படி வந்தன? ஆசையை எழுதிவிட்டு அதை மருத்துவர்கள் வாயில் போட்டேன். கவரை ஒட்டி ரயிலில் போட்டுவிட்டு, நல்ல செய்தி கொடுத்த திருப்தியோடு விழுப்புரம் பஸ் ஏறினேன்.

கட்டம் கட்டி வந்தது. கடைக்காரர் அதை வெட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, வாசலில் தொங்கவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் திண்டிவனம் போனபோது அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். முகத்தில் ரொம்ப நாளாகப் பார்க்காத வெளிச்சம்.

"டேய் தம்பி, நீ எழுதனத நாலு தரம் படிச்சன்டா. நம்ம ஊர்லயே இருக்குது, நானு பாண்டிக்கு இவர இட்டுக்கினு அல்லாடிக்கினு கீறேன். ரெண்டு நாளா கடைக்குக் கூட்டிக்கினு போறேன்."

"ஆஸ்பத்திரிக்கு?"

"அது எதுக்கு இனிமே? அங்க கையப் புடிச்சி முறுக்குறாங்க, உயிரே போவுது அவருக்கு. டாக்டருங்களே இது நல்லதுன்னு சொல்றாங்கன்னு நீதான போட்டுக்கீற?"

பொய் என்று அங்கே நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் கையில் சொம்புத் தண்ணீர் இருந்தது, என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். என் அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு மதிப்பு இருந்தது. அதை இழக்க எனக்கு மனசு வரவில்லை. "ம்" என்றேன். தண்ணீரைக் குடித்தேன்.

கொஞ்ச நாள் போகட்டும், அவளே பலன் இல்லை என்று பார்த்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புரட்டாசி போனது, ஐப்பசி போனது. அவள் திரும்பவில்லை.

கார்த்திகை மழையில் ஒரு நாள் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் ஒதுங்கி நின்றேன். கயிற்றில் தொங்கிய ஒரு மெட்ராஸ் வாரப் பத்திரிகையில் வீடியோ கேம் படம் இருந்தது. எடுத்துப் புரட்டினேன். உள்ளே இரண்டு பக்கக் கட்டுரை. புதிய யுகம், வீட்டுக்கு வீடு வரப்போகும் அதிசயம் என்றெல்லாம் இருந்தது. கடைசியில் ஒரு பத்தி: பக்கவாதத்தால் செயலிழந்த கைகளுக்கும் இது அருமருந்து என்று நரம்பியல் நிபுணர்கள் தெரிவிக்கிறார்கள்.

அந்தப் பத்தியை மறுபடி படித்தேன். நிம்மதியாக இருந்தது. அப்படியானால் அது உண்மைதான். நான் பொய் என்று நினைத்து எழுதியது தற்செயலாக உண்மையாகவே இருந்திருக்கிறது. மெட்ராஸ்காரர்கள், பெரிய பத்திரிகைக்காரர்கள், விசாரிக்காமலா எழுதுவார்கள்? மழை விடும்வரைகூடக் காத்திருக்கவில்லை. பத்திரிகையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திண்டிவனம் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

வீடு பூட்டியிருந்தது. கடைக்குப் போனேன். அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே எப்போதும் வாலிபப் பசங்கள் கூட்டம். பெண்கள் யாரும் உள்ளே போவதில்லை. வாசலில் துணித் திரை தொங்கியது. அவள் மாமாவை உள்ளே விட்டுவிட்டு, ஆட்டம் முடியும்வரை அந்தப் பெஞ்சிலேயே காத்திருப்பாள். பத்திரிகையைக் கொடுத்தேன். அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'நரம்பியல்' என்ற இடத்தில் தடுக்கி மறுபடி படித்தாள். மடித்து மடியில் வைத்துக்கொண்டு, உதட்டில் விரல் வைத்து என்னைச் சும்மா இருக்கச் சொன்னாள்.

"கேளு" என்றாள்.

திரைக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. டுக். கொஞ்ச நேரம் கழித்து டுக். மறுபடி டுக்.

"பந்து மட்டைல பட்டா இந்தச் சத்தம் வருமாம், பாய் சொன்னாரு. மொதல்ல நாலு, அஞ்சுதான் வந்துக்கினு இருந்துச்சு. நேத்து இருவத்திமூணு. இன்னைக்கு எண்ணிக்கினே கீறேன், முப்பதத் தாண்டிட்சு." அவள் கண் கலங்கியிருந்தது. "கை வந்துக்கினு கீதுடா."

நானும் சந்தோஷமாகத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். அந்தப் பெட்டி ஓடுவதை நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

டிவித் திரையில் பந்து வெள்ளையாக இருந்தது.

கறுப்பு வெள்ளை டிவியில் வேறு எப்படி இருக்கும்? பச்சை நிறம் அட்டைப் படத்தில் மட்டும்தான். அங்கே நின்றபடியே மெட்ராஸ் பத்திரிகையின் இரண்டாவது பக்கம் என் கண்முன் வந்தது. 'பச்சை நிறப் பந்து அங்குமிங்கும் துள்ளி ஓட' என்று அவர்களும் எழுதியிருந்தார்கள். அவர்களும் எங்கேயும் போகவில்லை. எந்த நிபுணரையும் பார்க்கவில்லை. திண்டிவனம் ஸ்டேஷன் டீக்கடையில் நான் எழுதியதை எடுத்து, மருத்துவர்களை நிபுணர்களாக்கி, தளர்ந்த நரம்புகளைப் பக்கவாதமாக்கி, எனக்கே திருப்பி விற்றிருக்கிறார்கள். நானும் வாங்கி, என் கையாலேயே கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் மாமாவைச் சரியாகப் பார்த்தேன். அவர் குமிழை இடது கையால் திருகிக்கொண்டிருந்தார். வலது கை மடியில், துண்டுக்கு அடியில் கிடந்தது. இடது கை நன்றாகவே பழகிவிட்டது. பந்து எங்கே வந்தாலும் மட்டை அங்கே போனது. டுக். டுக். டுக்.

என்னைப் பார்த்ததும் அவர் திருகுவதை நிறுத்தவில்லை. சத்தம் நின்றால் வெளியே தெரிந்துவிடும்.

"இன்னா மாமா இது?" என்றேன் மெதுவாக.

"உக்காரு மாப்ள." பந்தையே பார்த்துக்கொண்டு பேசினார். "மொத வாரமே தெரிஞ்சிபோச்சு, இதுல ஒண்ணும் இல்லன்னு. வலது கை குமிழக்கூடப் புடிக்கல."

"அக்காகிட்ட சொல்றதுதான?"

"இன்னான்னு சொல்றது? உன் தம்பி எழுதனது பொய்னா? நானே படுத்துட்டேன். அவ நம்பிக்கினு நிக்கறது உன்ன ஒருத்தனத்தான்." டுக். "அதோட, உண்மையச் சொல்றேன், அந்த ஆஸ்பத்திரி ரூமு என்னால முடியல மாப்ள. விரல விரிக்கும்போது செத்துடலாம்னு தோணும். இங்க வலி இல்ல."

"நான் சொல்லிடறேன் மாமா."

"சொல்லு. நீ சொன்னா சரி. நானு எதிர்க்க இருக்கும்போது சொல்லாத, அவ்ளோதான்."

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். சொல்லத்தான் வந்தேன். அக்கா என்னைப் பார்த்து இரண்டு கையையும் விரித்து நான்கு தடவை காட்டினாள். நாற்பது. அவள் உதடு எண்ணிக்கொண்டே இருந்தது, நடுவில் பேசினால் கணக்கு விட்டுப்போகும் என்று. அவள் எண்ணி முடிக்கட்டும் என்று நின்றேன். அவள் முடித்தாள். நான் சொல்லவில்லை.

விழுப்புரத்துக்கு வந்து தினசரி அலுவலகத்துக்கு ஒரு திருத்தம் எழுதி அனுப்பினேன். வரவில்லை. போன் போட்டுக் கேட்டேன். "யாரும் புகார் குடுக்கலியே. நல்லபடியா வந்த செய்திக்கு எதுக்குத் திருத்தம்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். நான் முயற்சி செய்தேன் என்று மனசாட்சிக்குக் காட்ட அந்த ஒரு போன் போதுமாக இருந்தது. அக்கா வீடு ஒரு மணி நேர பஸ் தூரம்தான். மார்கழி முழுக்க நான் அந்தப் பக்கமே போகவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு நாள் மாமாவுக்கு நகம் வெட்ட, அவர் எப்போதும் துண்டுக்குள் மறைத்தே வைத்திருந்த வலது கையை அக்கா பிரித்திருக்கிறாள். பிரியவில்லை. விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகிப்போயிருந்தன. பலமாக நெம்பியபோது நகம் பதிந்த இடத்தில் புண் தெரிந்தது. பயந்துபோய் எனக்கு ஆள் விட்டாள். மூன்று பேரும் புதுச்சேரிக்குப் போனோம்.

டாக்டர் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார். மணிக்கட்டைத் தூக்கினார், விட்டார். பழைய சீட்டைப் புரட்டினார்.

"ஆவணி மாசத்துக்கு அப்புறம் ஏம்மா வரவே இல்ல? மூட்டெல்லாம் இறுகிப்போச்சே. வந்துக்கிட்டிருந்தா எவ்வளவு வந்திருக்கும்னு என்னால சொல்ல முடியாது. இப்ப ரொம்பக் கஷ்டம்."

அக்கா பதறவில்லை. கைப்பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே என் கட்டச் செய்தி, அதற்குப் பின்னால் மெட்ராஸ் பத்திரிகையின் இரண்டு பக்கம். மேஜைமேல் வைத்தாள். "பயிற்சிய நாங்க விடலீங்க. தெனம் குடுத்துக்கினுதான் இருந்தோம். பாருங்க, பேப்பர்லயே போட்டுக்கீறாங்க. இது என் தம்பி எழுதனது" என்று என்னைக் காட்டினாள். அதைச் சொல்லும்போது அவள் முதுகு நிமிர்ந்தது.

டாக்டர் படித்தார். இரண்டையும் படித்தார். என்னைப் பார்க்காமல் பேப்பரைப் பார்த்தே கேட்டார்.

"மருத்துவர்கள் கூறுகின்றனர்னு இருக்கே. எந்த மருத்துவர்?"

அக்கா என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் துளி சந்தேகம் இல்லை. படித்த டாக்டருக்கு முன்னால் படித்த தம்பி பதில் சொல்லப்போகிறான் என்கிற பெருமைதான் இருந்தது.

"சொல்லுடா தம்பி. எந்த டாக்டரு? பேரச் சொல்லு."

மாமா தரையைப் பார்த்தார். "இப்ப எதுக்கு அதெல்லாம்" என்று முனகினார்.

"இருங்க, அவன் சொல்லட்டும்" என்றாள் அக்கா.

"யாருமில்லக்கா" என்றேன்.

"யாருமில்லன்னா?"

"நானா எழுதனது. அன்னைக்குக் கரண்ட் இல்ல. அந்தப் பெட்டி ஓடி நான் பாக்கவே இல்ல."

அவளுக்குப் புரியவில்லை. என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "நாப்பது தடவ அடிச்சாரே" என்றாள். மாமா இடது கையை லேசாகத் தூக்கிக் காட்டிவிட்டு, அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் காகிதங்களை மடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாகத் திரும்ப வைத்து, அக்காவிடம் கொடுத்தார். அவள் வாங்கிக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

பஸ்ஸில் அவள் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நான் செருப்பைக் கழற்றாமல் நின்றேன். "சாப்டுட்டுப் போ" என்றாள். தட்டு வைத்துப் பரிமாறினாள். ரசம் ஊற்றும்போது கேட்டாள்.

"திருவாமாத்தூராண்ட ஒரு கோயில்ல கருடன் சுத்துச்சுன்னு எழுதியிருந்தியே. அது?"

இல்லை என்று தலையை அசைத்தேன்.

"அதப் படிச்சிட்டு நானு இங்கருந்தே கும்புட்டேன்" என்றாள். அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை. நான் திட்டுக்காகக் காத்துக்கொண்டு அந்தச் சோற்றை முழுவதும் தின்றேன்.

மறுநாளே கடைக்காரருக்குச் சேதி போய்விட்டது. வாசலில் தொங்கிய செய்தியை உடனே கழற்றிவிட்டார் என்று மாமா சொன்னார். மெட்ராஸ் தினசரியும் வாரப் பத்திரிகையும் நானும் செய்யாததை அந்த மனுஷர் செய்தார். நிருபர் வேலையை விட்டேன். அதன் பிறகு என் பேனா புரூஃபில் பிழை திருத்த மட்டுமே பயன்பட்டது, அதுவும் அந்த ஃபாரின் பேனா இல்லை.

மாமா மறுபடி ஸ்டியரிங் பிடிக்கவில்லை. விக்கிரவாண்டியில் ஒரு ஓட்டல் வாசலில் நின்று, போகிற வருகிற லாரிகளைக் கைகாட்டி உள்ளே திருப்புகிற வேலைக்குப் போனார். பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவரைப் பார்ப்பேன். புழுதிக்குள் நின்று இடது கையை ஆட்டிக்கொண்டிருப்பார். அவர் போனபோது குளிப்பாட்டி வேட்டி கட்டி, கைகளை மார்பின்மேல் வைக்கப் பார்த்தார்கள். அந்த ஒரு கை விரியவில்லை. அப்படியே மூடிய கையோடுதான் தூக்கிப் போனார்கள். எதிர் வீட்டில் ஏதாவது மெஷின் டுக் என்று சத்தம் போட்டால் எனக்கு இன்றும் கடை வாசலில் தொங்கிய அந்தத் திரைதான் தெரிகிறது. அதற்கு இந்தப் பக்கம் என் அக்கா உட்கார்ந்து எண்ணுகிறாள்.

அக்கா இப்போது விழுப்புரத்தில் என்னோடுதான் இருக்கிறாள். அந்த விஷயத்தை ஒரு நாளும் எடுத்ததில்லை. எனக்குப் பிடித்ததைச் சமைக்கிறாள், எனக்கு ஜுரம் என்றால் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். பாசத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் பால்காரர் வந்துவிட்டார் என்று நான் சொன்னால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பாத்திரம் எடுப்பாள். அடுப்பை அணைத்துவிட்டேன் என்று சொன்னால் எழுந்துபோய்ப் பார்ப்பாள். அவளுக்கே அது தெரிகிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று சாயங்காலம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். மொட்டை மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"அக்கா, மழை வருது" என்றேன்.

அவளுக்கு மூட்டு வலி, எழுந்திருக்க நேரமாகும். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வாசல் வரைக்கும் நடந்து போய், கையை வெளியே நீட்டினாள். உள்ளங்கையில் தூறல் விழும்வரை அப்படியே நின்றாள்.

"ஆமா, வருது" என்று சொல்லிவிட்டு, துணி எடுக்க மாடிக்குப் போனாள்.